வடிகட்டியும் கிணறும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சங்கக் காரியதரிசி சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, "ஊரிலே வீட்டுக்கு வீடு தண்ணீர் வடிகட்டி பூட்டுகிறார்கள். எதைப் பூட்டுவது, எப்படிப் பூட்டுவது என்று பலருக்கும் தெளிவில்லை. நீங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவர், அதைப்பற்றி விழாவிலே பேசவேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். நானும் உடனே இசைந்தேன். இசைந்த பின்புதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இவ்விடயத்திலே நான் படிப்பித்தவன் மாத்திரமல்லன்; பிழைவிட்டுப் படித்தவனுங்கூட. ஆகையால் அறிந்ததையும் சொல்வேன். பிழைத்ததையும் மறைக்காமற் சொல்வேன்.

முதலில் நமது நிலத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. நமக்கு ஆறும் குளமும் எல்லாம் நிலத்துக்குக் கீழேயே இருக்கின்றன. நாம் குடியிருப்பது சுண்ணாம்புக் கற்பாறையின் மேல். ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்யும் மழை, காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பாறைக்குள் இறங்குகின்றது. அவ்விதம் சற்றே புளித்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கரைந்த கல்சியமும் மகனீசியமும் நீரோடு நமது கிணற்றுக்கு வந்து சேருகின்றன. இதுவே கடின நீர்.

கடின நீரை அறியாத வீடு வலிகாமத்திலே ஏது? கேத்திலின் அடியில் வெள்ளைக் கல் படிகின்றது. சவுக்காரம் நுரை கொடாமல் திரைந்துபோகின்றது. பருப்பு அவிய நேரம் செல்கின்றது. ஆறிய தேநீரின்மேல் ஏடு படர்கின்றது. நீர் கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறிவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகி அடியிற் படிகின்றது. தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு ஊறவைத்தால் அக்கல் பொங்கிக் கரைந்து போவதைத் தாய்மார் அறிவார்கள். ஒரு லீற்றர் நீரில் இக்கடினத்தன்மை, கல்சியங் காபனேற்றாகக் கணக்கிடுமிடத்து, 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீரை மிகக் கடின நீர் என்பார்கள். நம்மவர் கிணறுகளிற் பல இவ்வெல்லையைத் தாண்டியவை.

இனி, கேத்திலிற் கல் படிவதைக் கண்டு, "இந்தக் கல் கேத்திலிலே இப்படிப் பிடித்தால் வயிற்றிலே எப்படிப் பிடிக்கும்!" என்று அஞ்சுவோர் பலர். அந்த அச்சத்திலேதான் வடிகட்டி வியாபாரம் பெரும்பாலும் நடைபெறுகின்றது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை முன்னிட்டு எல்லை எதுவும் விதிக்கவில்லை. கல்சியமும் மகனீசியமும் உடலுக்கு வேண்டிய பொருள்கள். கடினத்தன்மை வீட்டுக்குத் தொந்தரவு. குழாய்க்கும் கேத்திலுக்கும் சவுக்காரச் செலவுக்கும் தொந்தரவு. நமக்கு உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கின்றது. கேத்தில் அதைக் காட்டாது, நாக்கும் காட்டாது. அதை நான் அறிந்துகொண்ட கதையைச் சொல்லுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விற்பனையாளர் என் வீட்டுக்கு வந்தார். இரண்டு கிளாசுகளை எடுத்தார். ஒன்றிலே என் கிணற்று நீர்; மற்றதிலே தமது யந்திரத்தின் நீர். இரண்டிலும் மின்சாரக் கம்பிகளை வைத்தார். சற்று நேரத்தில் என் கிணற்று நீர் செங்கபில நிறமாய்க் கலங்கியது. மற்றது தெளிவாகவே நின்றது. வீட்டார் திகைத்துவிட்டார்கள். நான் சிரித்தேன். அந்தக் கலங்கல் தண்ணீரிலிருந்து வந்ததன்று. இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. உப்புக் கரைந்த நீரிலே மின்சாரம் ஓடும். ஓடும்போது இரும்பு கரைந்து துருவாகும். உப்பு நீக்கிய நீரிலே மின்சாரம் ஓடாது. ஆகவே துருவும் இல்லை. இதை அவருக்கே விளக்கிச் சொல்லி அனுப்பிவைத்தேன். என்னை ஏமாற்ற இயலவில்லை என்று எனக்கு ஒரே பெருமிதம்.

அப்பெருமிதத்தோடு நானே தெரிந்தெடுத்து, நீரை மென்மையாக்கும் யந்திரம் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். அதன் வேலையை நான் அறிவேன். அதனுள்ளே சிறிய பிசின் மணிகள் உண்டு. அவை நீரிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் தம்மிடம் பிடித்துக்கொண்டு, பதிலாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் கறியுப்புக் கரைசலாற் கழுவினால் மீண்டும் வேலை செய்யும். பூட்டிய மறுநாளே சவுக்காரம் நுரைத்தது. கேத்தில் வெள்ளிபோல் இருந்தது. அயலவர்களை அழைத்துக் காட்டினேன்.

அடுத்த வருடம் என் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பால் போதாமையால் வைத்தியர் சொற்படி குழந்தைக்குப் பால்மாவும் கரைத்துக் கொடுத்தோம். ஒருநாள் குடும்ப நல மருத்துவமாது வந்தார். என்னிடம் படித்த பிள்ளை. அடுப்படியிலே நின்று, "மாஸ்ரர், பிள்ளைக்கு எந்தத் தண்ணியிலை பால்மா கரைக்கிறியள்?" என்று கேட்டார். நான் யந்திரத்தைக் காட்டினேன். "வடிச்சுப்போட்டு, நல்லாய்க் கொதிக்கவும் வைக்கிறம், பிள்ளை" என்றேன். அவர் யந்திரத்தைப் பார்த்தார். பின் வேலிக்கு அப்பாலிருந்த என் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்தார். "நைத்திரேற்று பார்த்தனீங்களோ, மாஸ்ரர்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றே குழந்தைக்கு வேறு தண்ணீர் எடுத்தோம். கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என எல்லை வைத்திருக்கின்றது. என் கிணறு அதைத் தாண்டியிருந்தது. இறைவன் கிருபையாற் குழந்தைக்கு எதுவும் நேரவில்லை. ஆயினும் அந்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை இன்றும் மறக்கவில்லை.

நைத்திரேற்று என்பது யாது? நாம் பயிருக்கு இடும் யூரியா முதலிய பசளையிலிருந்தும், மாட்டெருவிலிருந்தும், மலக்குழியிலிருந்தும் நீரோடு இறங்குவது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பெரியவர் உடல் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆறு மாதத்துக்குக் குறைந்த புட்டிப்பாற் குழந்தையின் உடலிலோ, அது இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். குழந்தையின் மேனி நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்தாகவுங்கூடும். தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு இவ்விடர் இல்லை. இன்னொன்றைத் தாய்மார் கவனிக்கவேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். நான் நன்மையென எண்ணி நெடுநேரம் கொதிக்கவைத்தது எவ்வளவு பேதைமை என்று பாருங்கள்.

என் மென்மையாக்கி பழுதான யந்திரம் அன்று. நான் கேட்ட வேலையை அது திறமாகச் செய்தது. நான் கேட்ட கேள்விதான் பிழை. ஆகையால் இளைஞர்களே, வடிகட்டி பூட்டுவதில் முதலாவது வேலை கடைக்குப் போவதன்று. ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தை அணுகலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வழி கேட்கலாம். கடினத்தன்மை, நைத்திரேற்று, உப்பு, மலக்கிருமி ஆகிய நான்கையும் பார்க்கும்படி கேளுங்கள். கடையில் விற்கும் சிறிய மின்மானி, கரைந்த பொருள் மொத்தமாக எவ்வளவு என்று மட்டுமே காட்டும். அது சுண்ணாம்பா, உப்பா, நைத்திரேற்றா என்று பிரித்துச் சொல்லாது. கிருமியைக் காட்டவே காட்டாது.

தாள் கைக்கு வந்தபின் எந்த நோய்க்கு எந்த மருந்து என்று பார்க்கலாம்.

நம் முன்னோர் தேத்தாங்கொட்டையைப் பானையிலே தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்கள். அது கலங்கலை அடியிற் படியச் செய்யும்; கரைந்ததை நீக்காது. வெண்களிமண்ணாற் செய்த மெழுகுதிரி போன்ற வடி, கலங்கலையும் கிருமிகளிற் பெரும்பாலானவற்றையும் தடுக்கும். சுண்ணாம்பும் நைத்திரேற்றும் அதனூடே தாராளமாய்ச் செல்லும். நமது நாட்டுத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கரி, குளோரீன் மணத்தையும் வேறு சில இரசாயனங்களையும் பிடிக்கும். அதற்கும் கடினத்தன்மை அகப்படாது. ஊதாக்கடந்த கதிர் விளக்கு கிருமியைக் கொல்லும். ஆனால் கடின நீரிலே அவ்விளக்கின் கண்ணாடி உறையிற் சுண்ணாம்பு படிந்து ஒளியை மறைத்துவிடும். மென்மையாக்கி சுண்ணாம்பை மட்டும் நீக்கும். பதிலாகச் சோடியம் சேர்க்கும். ஆதலால் இரத்த அழுத்தமுள்ளோர் அந்நீரைக் குடிக்குமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

கடைகளிலே ஆர்.ஓ. என்று சொல்லும் யந்திரம், மிக நுண்ணிய சவ்வினூடாக நீரை அமுக்கத்தாற் தள்ளுவது. இது கடினத்தன்மை, உப்பு, நைத்திரேற்று மூன்றிலும் பெரும்பகுதியை நீக்கும். என் வீட்டில் இப்போது இருப்பதும் இதுவே. இதைப் பூட்டுவோர் சில விடயங்களைக் கவனிக்கவேண்டும்.

ஒன்று: குடிக்கவும் சமைக்கவும் மட்டும், அடுப்படியில் ஒரு குழாய்க்கு இதைப் பூட்டுங்கள். குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீர் போதும்.

இரண்டு: அமுக்கம் வேண்டும். நீர்த்தாங்கி 2.3 அடி உயர்ந்தாற்றான் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அமுக்கம் கிடைக்கும். 15 அடி உயரத் தாங்கியிலிருந்து ஆறரை இறாத்தல்தான் வரும். இவ்யந்திரத்துக்கோ 40 இறாத்தல் அளவிலே வேண்டும். ஆகவே சிறு பம்பு இல்லாத யந்திரம் நமது வீடுகளில் சரியாய் வேலை செய்யாது.

மூன்று: சவ்வுக்கு முன்னே மண் பிடிக்கும் வடியும் கரி வடியும் இருக்கவேண்டும். கிணற்றுக்குக் குளோரீன் இடும் வழக்கம் நம்மிடம் உண்டு. குளோரீன் சவ்வைத் தின்றுவிடும். கரியே அதற்குக் காவல்.

நான்கு: பூட்டியதும் முதலில் வரும் நீரைக் குடியாமல், யந்திரத்தோடு வந்த கைந்நூல் சொல்லும் அளவுக்கு ஓடவிடுங்கள். பின்பு வடித்த நீரையும் ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்புங்கள். யந்திரம் வேலை செய்கிறதென்று விற்றவர் சொல்வது வேறு. தாள் சொல்வது வேறு.

ஐந்து: ஒவ்வொரு வடியையும் மாற்றிய திகதியை அதன் கூட்டிலேயே எழுதிவையுங்கள். நாட்பட்ட கரியிலே கிருமி குடியேறும். கடின நீர்ப் பகுதியிலே சவ்வு, கைந்நூல் சொல்லும் காலத்துக்கு முன்னரே அடைபடக்கூடும். பராமரிக்காத வடிகட்டி, வடிகட்டி இல்லாமையிலும் பொல்லாதது. இல்லாதவன் எச்சரிக்கையாய் இருப்பான்.

இத்துடன் காரியதரிசி கேட்டதற்கு விடை முடிந்தது. ஆனால் நான் சொல்லவேண்டியது முடியவில்லை.

இவ்யந்திரம் ஒரு பங்கு நல்ல நீர் தருமிடத்து இரண்டு, மூன்று பங்கு நீரைக் கழிவாகத் தள்ளும். வீட்டுக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் எடுத்தால், கழிவு 60 லீற்றர் வரையிற் போகலாம். நூறு வீடென்றால் 6,000 லீற்றர். ஆகவே கழிவு நீரை வாளியிற் பிடித்து மலசலகூடத்துக்கும் நிலம் கழுவவும் உபயோகியுங்கள். மென்மையாக்கியோ இன்னும் ஒருபடி மேல். அதைக் கழுவிய உப்புத் தண்ணீர் புதிதாக நாம் நிலத்துக்குக் கொடுக்கும் உப்பு. உவருக்கு அஞ்சிக் கிணறு வெட்டிய ஊரிலே உப்பை விலைகொடுத்து வாங்கி மண்ணில் ஊற்றினேனே என்று பின்னர் வெட்கினேன்.

ஏனெனில், நமது நன்னீர் கடல்நீரின்மேல் மிதப்பது. நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்திலிருந்து 1 அடி உயர்ந்து நின்றால், அதன் பாரத்தால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடியை இறைத்துத் தள்ளினால், கீழேயிருந்து உவர் காலப்போக்கில் 40 அடி ஏறிவரும். புத்தூருக்கு அண்மையில் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அது வேடிக்கை பார்க்கும் இடம் மாத்திரமன்று. நம் ஒவ்வொருவர் கிணற்றின் கதையும் அதுவே.

அன்றியும் சுண்ணாம்புப் பாறை துவாரமும் வெடிப்பும் நிறைந்தது. கீரிமலையிலே கடலின் ஓரத்தில் நன்னீர் ஊறுகின்றதே, அது உள்நிலத்திற் பெய்த மழை பாறை வழியே நடந்து வந்த நீரன்றோ? நன்னீர் நடக்கும் வழியிலே அழுக்கும் நடக்கும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்த செய்தி 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே நம்மையெல்லாம் கலக்கியது. 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரைக்கும் அவ்வழக்குச் சென்றது. கிணற்றைச் சுற்றி மதில் கட்டலாம். கிணற்றுக்குள் வரும் நீரைச் சுற்றி மதில் கட்ட ஒருவராலும் ஆகாது.

என் பரிசோதனைத் தாள் வந்த பின் நான் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வளவை அளந்தேன். சுகாதார நூல்கள் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 30 மீற்றர், அதாவது ஏறக்குறைய 100 அடி, இருப்பது நல்லதென்கின்றன. இரண்டு பரப்புக் காணி சதுரமாய் இருந்தால் ஒரு பக்கம் 74 அடிதான். அதற்குள் வீடும் கிணறும் குழியும் எங்ஙனம் விலகி நிற்கும்? என் குழி என் கிணற்றுக்கு எட்டத்தான் இருந்தது. பெருமையோடு பார்த்தேன். பின்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். என் குழியிலிருந்து அயலவர் கிணறு முப்பது அடி. அவர் வீட்டிலும் ஒரு சிறு குழந்தை உண்டு.

சபையோரே, என் பேரனைக் காக்க நான் யந்திரம் வாங்கினேன். அயலவர் குழந்தைக்கு நான் என்ன செய்தேன்? வெங்காயத்துக்கு ஒன்றுக்கு இரண்டாய்ப் பசளை எறிந்தேன். குழியை அடி மூடாமற் கட்டினேன். வடிகட்டி வாங்க இயலாத வீட்டார் நான் விட்டதைக் குடித்தார்கள். கோயில் திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல் வைத்து மோரும் சக்கரைத்தண்ணீரும் ஊற்றுகிறோம், நல்ல தருமம். ஆனால் ஊற்றும் அந்த நீர் நிலத்துக்குக் கீழே எல்லாருக்கும் ஒன்றென்பதை மறந்தால், ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் கெடுத்தவர்களாவோம்.

2024 ஆம் ஆண்டிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வருவதால் கிணற்றைக் கைவிடலாம் என்று எண்ணவேண்டாம். குழாய்நீர் வந்த வீட்டிலும் தோட்டத்துக்கும் தொட்டிக்கும் கிணறே. பாழாக்குவது இலகு, சுண்ணாம்புக்குள் இறங்கியதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்து அமர்கிறேன். ஊரிலுள்ள கிணறுகளுக்கு ஒரு பதிவுப் புத்தகம் திறவுங்கள். கோடையின் முடிவில் ஒருமுறையும், மழை இறங்கித் தை பிறந்தபின் ஒருமுறையும் நீரெடுத்துப் பரிசோதித்து எழுதுங்கள். புட்டிப்பாற் குழந்தை உள்ள வீட்டை முதலிற் பாருங்கள். அங்கே நைத்திரேற்றுக் கூடியிருந்தால், நல்ல கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுங்கள். வடிகட்டி வாங்கும் வசதியுள்ள வீட்டாரிடம், அதே வருடம் தமது மலக்குழியையும் அடியும் பக்கமும் ஒழுகாமற் கட்டுவிக்கும்படி கேளுங்கள். நான் கட்டுவித்துவிட்டேன், வெங்காயத்துக்குப் பசளையை விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவோடு நிறுத்திவிட்டேன். வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

அந்த மருத்துவமாது இப்பொழுதும் எங்கள் வீதியால் போவார். என்னைக் காணும்போதெல்லாம், "மாஸ்ரர், இந்தமுறை தண்ணி பார்த்திட்டியளோ?" என்று கேட்பார். நான் முப்பது வருடம் வகுப்பிலே கேள்வி கேட்டவன். அவற்றுள் ஒன்றாவது இந்தக் கேள்விக்கு ஈடாகுமென்று நான் நினைக்கவில்லை. நீங்களும் அயலவரைக் காணும்போது இதையே கேளுங்கள்.